900 அடியில் புகை. 1,500 அடிக்குப் போகலாமா?

வணக்கம். பல்லடம் அருகே 900 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டும் தண்ணீர் இல்லை, புகைதான் (உலர்ந்த பாறைத்தூள்) வந்தது, 1,500 அடிக்கு இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கொங்குப் பகுதியின் அடியில் இருப்பது பெரும்பாலும் கடும்பாறை. அதில் நீர், மேலே சிதைந்த பாறையிலும் அதன்கீழுள்ள வெடிப்புகளிலும் மட்டுமே தங்குகிறது, ஆழம் கூடக்கூட மேற்பாறையின் எடையால் அவ்வெடிப்புகள் இறுகிவிடுகின்றன. நெய்வேலியில் ஆழத்தில் ஊற்று பீறிடுவதைச் சுட்டியிருந்தீர்கள். அங்கிருப்பது மணற்படிவு, கணக்கே வேறு.

துளையிட்டபோது எத்தனையாவது அடியில் தூள் ஈரமாக, கையில் பிடித்தால் உருண்டையாகும் பதத்தில் வந்தது என்று துளையிடும் வண்டிக்காரரிடம் கேளுங்கள். அப்படி ஒரு மட்டம் இருந்திருந்தால், உயரழுத்த நீரைச் செலுத்தி அந்த வெடிப்பைத் திறந்து பார்ப்பது இன்னொரு 600 அடியைவிடச் செலவு குறைவு. இல்லையென்றால், தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பதற்கு முன், நிலத்தில் மின்சாரம் செலுத்தி அதன் தடையை அளந்து நீர் இருக்குமிடத்தைக் கணிக்கும் மின்தடை ஆய்வு செய்து வேறிடம் தேடுங்கள்.