லாகோஸில் கரண்ட் போனால்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: கணவருக்கு நைஜீரியாவில் வேலை. நானும் நான்கு வயது மகனும் மதுரையிலிருந்து லாகோஸ் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியவில்லை. மாவு புளித்துப் போகிறது, மோட்டார் போட முடிவதில்லை, ராத்திரி பையன் தூங்குவதில்லை. கம்பெனி வீட்டைக் காலி செய்துவிட்டு நாங்களே வீடு பார்க்க வேண்டிய நேரம் இது. நல்ல இன்வெர்ட்டர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் கணவர். சரியாகிவிடுமா?
- வாசகி, இகேஜா, லாகோஸ்

பதில்: இன்வெர்ட்டரால் பாதிதான் சரியாகும். மீதி, நீங்கள் எந்தத் தெருவில் வீடு எடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. நானும் இந்த ஊரில் பல வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள், அதனால் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

இங்கே மின் இணைப்புகளை ஏ முதல் இ வரை ஐந்து பேண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ என்றால் நாளுக்குக் குறைந்தது 20 மணி நேரம் கரண்ட் தர வேண்டும், பி 16, சி 12, டி 8, இ வெறும் 4. இது வீட்டுக்கு வீடு தருவதில்லை, உங்கள் பகுதிக்குக் கரண்ட் கொண்டுவரும் லைனை, அதாவது ஃபீடரைப் பொறுத்தது. ஒரே தெருவில் இந்தப் பக்கம் ஏ, எதிர்ப் பக்கம் சி என்று இருப்பதைப் பார்க்கலாம். ஏ பேண்டுக்கு விலையும் அதிகம், 2024 ஏப்ரலில் யூனிட்டுக்கு சுமார் 68 நைராவாக இருந்ததை ஒரேயடியாக 225 நைரா ஆக்கினார்கள், அதன் பிறகு கொஞ்சம் இறங்கியது. ஆனால் டீசல் ஊற்றி ஜெனரேட்டர் ஓட்டுகிற செலவோடு வைத்துப் பார்த்தால் ஏ பேண்ட்தான் லாபம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எந்த பேண்ட் என்று வீட்டு ஏஜென்ட்டிடம் மட்டும் கேட்டு முடிவு செய்யாதீர்கள், அவர் ஏ என்றுதான் சொல்வார். கேட் வாட்ச்மேனிடம் கேளுங்கள், பக்கத்தில் ஐஸ் விற்கிற கடையில் கேளுங்கள், முடிந்தால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒருமுறை போய் நின்று எத்தனை வீட்டில் ஜெனரேட்டர் ஓடுகிறது என்று பாருங்கள். இங்கே ஒரு வருட வாடகையை, சில இடங்களில் இரண்டு வருட வாடகையை, மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். பிடிக்கவில்லை என்றால் அடுத்த மாதமே காலி செய்ய நம் ஊர் மாதிரி வழி கிடையாது. எஸ்டேட்டுக்குள், அதாவது கேட் போட்ட குடியிருப்புக்குள், வீடு என்றால் பொது ஜெனரேட்டர் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை ஓடும், டீசல் விலை ஏறினால் சர்வீஸ் சார்ஜை நடுவில் ஏற்றுவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். ப்ரீபெய்ட் மீட்டரில் முன்பு இருந்தவர் பாக்கி வைத்திருக்கிறாரா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் இன்வெர்ட்டர். மதுரையில் அது நன்றாக வேலை செய்ததற்குக் காரணம், கரண்ட் இரண்டு மணி நேரம் போகும், மீதி நேரமெல்லாம் பேட்டரி நிரம்பிக்கொண்டிருக்கும். இங்கே டி பேண்ட் தெருவில் எட்டு மணி நேரம்தான் கரண்ட், அதுவும் துண்டு துண்டாக. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி முழுதாக நிரம்பவே எட்டு பத்து மணி நேரம் கேட்கும். அரைகுறையாக நிரம்பி, முழுக்கக் காலியாகி, மறுபடி அரைகுறையாக நிரம்பி, இப்படியே போனால் நல்ல பேட்டரியும் சீக்கிரம் செத்துவிடும். கரண்ட் குறைவாக வரும் இடமாக இருந்தால் காசு கூடினாலும் லித்தியம் பேட்டரியும் கூரையில் நான்கைந்து சோலார் பேனலும் போடுங்கள். 12 வோல்ட் 220 ஏஎச் லெட் ஆசிட் பேட்டரி ஒன்றில் பத்திரமாக எடுக்கக்கூடியது ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இரண்டு ஃபேன், நாலு எல்இடி பல்ப், வைஃபை எல்லாம் ஓட ராத்திரிக்குப் போதும். ஃப்ரிட்ஜும் ஏசியும் அதிலேயே ஓடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஜெனரேட்டர் விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து பால்கனியிலோ மாடிப்படிக்கு அடியிலோ வராந்தாவிலோ வைத்து ஓட்டுகிற வீடுகள் இங்கே நிறைய. வைக்கவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று தொடங்கும், தூக்கத்தில் இருப்பவருக்கு அதுகூடத் தெரியாது. ராத்திரி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கிய குடும்பம் காலையில் எழவில்லை என்ற செய்தி இந்த நாட்டில் வருடா வருடம் வருகிறது, ஒவ்வொரு தடவை படிக்கும்போதும் மனசு பதறுகிறது. ஜன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் குறைந்தது 20 அடி தள்ளி, வெட்டவெளியில், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். பக்கத்து வீட்டு ஜன்னலும் ஜன்னல்தான். பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வாங்கிப் படுக்கையறைப் பக்கம் மாட்டுங்கள், விலை பார்க்காதீர்கள். இன்ஜின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது, பெட்ரோல் கேனை வீட்டுக்குள் வைக்கக் கூடாது. வீட்டு வயரிங்கில் சேர்ப்பதாக இருந்தால் வெளி லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வழியாக மட்டும்தான், இல்லையென்றால் உங்கள் கரண்ட் வெளி லைனுக்குப் போய்க் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவரைக் கொன்றுவிடும்.

மாவுக்கு வருவோம். ஒரு வாரத்துக்கு அரைத்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், இரண்டு நாளுக்கு மட்டும் அரையுங்கள். கரண்ட் வந்ததும் முதல் வேலை மோட்டார் போட்டு மேல் தொட்டியை நிரப்புவது, இரண்டாவது கிரைண்டர். ஆனால் வந்த உடனே ஃப்ரிட்ஜைப் போடாதீர்கள், முதல் சில நிமிடம் வோல்டேஜ் தாறுமாறாக இருக்கும், ஸ்டெபிலைசர் இருந்தாலும் பொறுத்துப் போடுவது நல்லது. திறக்காத ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம் தாங்கும், நிறைந்திருக்கிற ஃப்ரீசர் இரண்டு நாள்கூடத் தாங்கும், அதனால் காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து அடுக்கிவிடுங்கள். பசும்பால் இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை, பால் பவுடரிலேயே தயிர் கெட்டியாக உறையும், கூடவே ஃப்ரிட்ஜில் பால் திரிகிற கவலையும் போயிற்று.

பையனுக்குச் சார்ஜ் செய்துகொள்ளும் ஃபேன் ஒன்று, மருந்து ஏற்றிய கொசுவலை ஒன்று, இரண்டும் இன்றைக்கே வாங்குங்கள். புழுக்கத்துக்காக ஜன்னலைத் திறந்து வைத்தால் கொசு வரும், இங்கே கொசு என்றால் மலேரியா. குழந்தைக்குக் காய்ச்சல் அடித்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

கேள்வி: லாகோஸ் பக்கத்தில் ஓட்டா பகுதியில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறேன். பெட்ரோலியம் இவ்வளவு ஏற்றுமதி செய்கிற நாட்டில் கரண்ட் ஏன் இல்லை?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மின்நிலையங்கள் இருக்கின்றன, மொத்தத் திறன் சுமார் 13,000 மெகாவாட். அதில் மக்களுக்கு வந்து சேருவது பெரும்பாலும் 4,000 முதல் 5,000 வரைதான். 20 கோடிக்கு மேல் மக்கள். தமிழ்நாட்டின் உச்சத் தேவை மட்டும் 2024 மே மாதம் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான நிலையங்கள் எரிவாயுவில் ஓடுபவை. எரிவாயுவுக்குப் பணம் போய்ச் சேராமல் சப்ளை குறையும், குழாய்களை உடைப்பார்கள், உயர் அழுத்த லைன்களும் பழையவை. 2013-ல் விநியோகத்தைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தும் பெரிதாக மாறவில்லை. 2024-ல் மட்டும் நாடு முழுக்க மின்சாரம் கொண்டுபோகும் தேசிய கிரிட் பத்துத் தடவைக்கு மேல் விழுந்தது.

ஆனால் இதைத் தொழிற்சாலையில் உங்களோடு வேலை செய்கிறவர்களிடம் குறையாகப் பேசாதீர்கள். நம்மைவிட அவர்களுக்குத்தான் கஷ்டம். 2023 மே மாதம் பெட்ரோல் மானியத்தை எடுத்ததும் லிட்டர் 200 நைராவுக்குள் இருந்தது 500-ஐத் தாண்டியது, சின்ன ஜெனரேட்டர் வைத்துத் தையல் கடையும் முடிதிருத்தும் கடையும் நடத்தியவர்கள் எத்தனையோ பேர் திணறிப் போனார்கள். 2012-ல் கோவையில் பவர்கட்டால் பட்டறைகள் பட்ட பாட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள், இவர்களுக்கு அது தலைமுறையாக நடக்கிறது. காலையில் பார்த்தவுடன் நீங்களே முதலில் வணக்கம் சொல்லி வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேளுங்கள். நேராக வேலையைப் பற்றி ஆரம்பிப்பதை இங்கே மரியாதைக் குறைவாக நினைப்பார்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. வேலைக்கு வரும் பெண்ணும் வாட்ச்மேனும் தினமும் போன் சார்ஜ் செய்யக் கேட்கிறார்கள். பழக்கப்படுத்தலாமா என்று யோசனையாக இருக்கிறது.
- வாசகி, அபாபா, லாகோஸ்

பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஒரு போனை முழுதாக நிரப்ப ஒரு யூனிட்டில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான் ஆகும். அவர்கள் வீட்டில் ராத்திரி கரண்ட் வருமா என்பது அவர்களுக்கே தெரியாது, வீட்டுக்குப் பணம் அனுப்புவதும் பிள்ளைகளோடு பேசுவதும் அந்தப் போனில்தான். கேட் பக்கம் ஒரு பிளக் பாயின்ட் வைத்துவிட்டால் அவர்கள் கேட்கக்கூட வேண்டியதில்லை.

கேள்வி: மகள் லாகோஸில் இருக்கிறாள். சில நாள் ராத்திரி போன் எடுப்பதில்லை, எனக்குத் தூக்கமே வருவதில்லை. எனக்கு 61 வயது. ஒரு மாதம் போய் அவளோடு இருந்துவிட்டு வரலாமா?
- ஓர் அம்மா, கும்பகோணம்

பதில்: அம்மா, இங்கே நேரம் இந்தியாவைவிட நாலரை மணி நேரம் பின்னால். நீங்கள் ராத்திரி பதினொன்றரைக்குக் கூப்பிடும்போது அவளுக்குச் சாயங்காலம் ஏழு. டிராஃபிக்கில் மாட்டியிருப்பாள், இல்லை கரண்ட் இல்லாத வீட்டுக்கு வந்து முதலில் தண்ணீரையும் சமையலையும் பார்த்துக்கொண்டிருப்பாள். மாலை ஆறு மணிக்குக் கூப்பிடுங்கள், இங்கே மதியம் ஒன்றரை. அவளிடமும் ராத்திரி படுக்கும் முன் ஒரு வார்த்தை மெசேஜ் போடச் சொல்லுங்கள், காலையில் எழுந்ததும் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டாயம் வந்து போங்கள். டிக்கெட் எடுப்பதற்கு முன் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி பற்றி உங்கள் டாக்டரிடம் பேசுங்கள், 60 வயதுக்கு மேல் அதை யோசித்துத்தான் போடுவார்கள். சர்க்கரை, இதய நோய் மாத்திரைகள் சாப்பிடுவதாக இருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்துப் போங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சான்றிதழான அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி இந்தியா போகும்போதும் கேட்பார்கள், இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. மலேரியா மாத்திரையும் டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மகளுக்கு என்ன எடுத்து வருவது என்று கேட்டால், நல்ல எமர்ஜென்சி விளக்கு ஒன்றும் வடகம், ஊறுகாய், பருப்புப்பொடி மாதிரி ஃப்ரிட்ஜ் தேவைப்படாத சாமான்களும் எடுத்து வாருங்கள்.