ரோமானிய வாள் மாதிரிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ரோமானியக் காலாட்படையின் குட்டை வாளான கிளாடியஸ் ஒன்றை முதன்முதலாக வாங்க ஆசை. ஹிஸ்பானியென்சிஸ், மைன்ஸ், பொம்பெய் என்று விதவிதமாகப் போட்டிருக்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: எந்தக் காலத்து வீரனுக்கான வாள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெளிவானால் வகையும் தெளிவாகிவிடும்.

ஹிஸ்பானியென்சிஸ் குடியரசுக் காலத்து வாள். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலுடன் நடந்த போர் தொடங்கி சீசர் காலம் வரை பொருந்தும். அலகு மட்டுமே 60 முதல் 68 செ.மீ. இருக்கும். கிரேக்கத் தீவான டெலோசில் கிடைத்த வாள் இந்த வகைக்குப் பேர்போன சான்று. மைன்ஸ் வகை பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தது. அலகு 50 செ.மீ. சுமாருக்கு இருக்கும், கைப்பிடிப் பக்கம் அகன்று, நடுவில் சற்றே ஒடுங்கி, நீண்ட கூர்முனையில் முடியும். பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ‘திபேரியஸின் வாள்’ இந்த வகைதான். பொம்பெய் வகை கி.பி. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வந்தது. இரண்டு விளிம்புகளும் நேராக ஓடும், முனை குட்டை, அலகு 42 முதல் 50 செ.மீ., அகலம் 4 முதல் 5.5 செ.மீ.

முதல் வாளுக்கு பொம்பெய் வகையையே சொல்வேன். விளிம்பு நேராக இருப்பதால் விலை குறைந்த தயாரிப்பில்கூட வடிவம் பெரும்பாலும் சரியாக வந்துவிடும். மைன்ஸ் வகையில்தான் தயாரிப்பாளர்கள் சறுக்குகிறார்கள். அந்த நடு ஒடுக்கம் மிகச் சிறியது. அதை எடுப்பாகக் காட்ட வேண்டும் என்று இடுப்பு வைத்ததுபோல் குடைந்துவிடுகிறார்கள். அருங்காட்சியகப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி: இணையத்தில் ‘போருக்குத் தயார்’ என்று எழுதி மலிவாக விற்கிறார்கள். நம்பலாமா?

பதில்: அந்த வாசகத்துக்கு எந்தத் தரநிர்ணயமும் கிடையாது. நீங்கள் கேட்க வேண்டியவை மூன்று.

முதலாவது, எஃகு. 1060, 1075 போன்ற கார்பன் எஃகா, ஸ்பிரிங் எஃகான ஈ.என்.45 அல்லது 5160-ஆ, இல்லை ஸ்டெயின்லெஸ்ஸா? 420, 440 வகை ஸ்டெயின்லெஸ் சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். ஆனால் வாள் நீளத்தில், ஓங்கி அடித்தால் சட்டென்று முறியக்கூடியது. எண்ணைச் சொல்லாமல் ‘உயர்தர எஃகு’ என்று மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள். கடினத்தன்மை ராக்வெல் அளவில் 48 முதல் 52 என்பது வாளுக்கு ஏற்றது. 58, 60 என்று பெருமையாகப் போட்டால் அது கத்திக்கு ஆகும். வாளின் விளிம்பு அதில் சில்லு சில்லாகப் பெயரும்.

இரண்டாவது, டாங். அலகிலிருந்து தொடர்ந்து பிடிக்குள் போகும் இரும்புப் பகுதியைத்தான் டாங் என்கிறார்கள். விபத்துகள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகின்றன. அலகின் அடியில் ஒரு போல்ட்டை வெல்டிங் வைத்து, மறுமுனையில் நட்டு போட்டு முடித்திருந்தால், பத்திருபது பலமான வீச்சிலேயே வெல்டிங் விட்டுப்போய் அலகு மட்டும் பறந்துபோகலாம். டாங் அலகோடு ஒரே துண்டாக இருக்க வேண்டும். அலகும் டாங்கும் சேரும் மூலை செங்கோணமாக வெட்டப்படாமல் சற்றே வளைந்து வர வேண்டும், இல்லையென்றால் விரிசல் அந்த மூலையில்தான் ஆரம்பிக்கும். அசல் வாள்களில் டாங், பிடியின் மேல்முனையில் உள்ள குமிழைத் துளைத்து வெளியே வந்து, ஒரு சிறு வெண்கலப் பொத்தானின் மேல் ரிவிட்போல் தட்டிப் பரப்பப்பட்டிருக்கும். பிடியைக் கழற்றிய நிலையில் ஒரு படம் கேளுங்கள். நல்ல தயாரிப்பாளர் தயங்காமல் அனுப்புவார்.

மூன்றாவது, எடை. பொம்பெய் வகை, உறை இல்லாமல் 700 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் இருக்க வேண்டும். 1.3 கிலோ என்றால் அலகு அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனில் விடப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். அடியில் 5 மி.மீ. இருந்தால் நுனியை நெருங்க நெருங்க அது குறைந்துகொண்டே போக வேண்டும். பலர் வளைத்துப் பார்த்துச் சோதிக்கிறார்கள். ரோமானியர்களின் நீண்ட வாளான ஸ்பாத்தாவுக்கு அது சரி. கிளாடியஸோ குட்டையும் அகலமுமானது, இயல்பாகவே விறைப்பாக நிற்கும். அதை வளைத்துப் பார்த்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல்: உலகெங்கும் ரோமானிய வேடமணிவோர் பயன்படுத்தும் மாதிரிகளில் நிறைய நம் நாட்டிலேயே, மீரட்டிலும் டேராடூனிலும் தயாராகின்றன.

கேள்வி: வாங்கி ஆறு மாதத்தில் பிடி ஆடுகிறது. குலுக்கினால் ‘டக் டக்’ என்கிறது.

பதில்: மரமும் எலும்பும் ஈரத்துக்கு ஏற்பச் சுருங்கி விரியும். மழைக்காலத்தில் பூட்டிய பிடி வெயிலில் சுருங்கும்போது இடைவெளி விழுகிறது. ஆடும் வாளை வீசவே வேண்டாம்.

நட்டு உள்ள வாள் என்றால் குமிழைக் கழற்றி, பிடி, கைக்காப்பு எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வையுங்கள். டாங்கில் துரு இருந்தால் வாட்டர் பேப்பரால் துடையுங்கள். கைக்காப்புக்கும் பிடிக்கும் நடுவே அரை மி.மீ. தோலிலோ பித்தளையிலோ ஒரு வாஷர் வெட்டிப் போடுங்கள். பிடியின் துளைக்குள், மெதுவாக இறுகும் எபாக்சி பசையை டாங்கைச் சுற்றி நிரப்பி மாட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை அதிர்வில் நொறுங்கும், அது வேண்டாம். நட்டைக் கையால் இறுக்கி, பிறகு ஸ்பேனரால் கால் சுற்று. அதற்கு மேல் முறுக்கினால் எலும்புப் பிடி நீளவாக்கில் பிளந்துவிடும். ஒருநாள் முழுக்க அசைக்காமல் வையுங்கள்.

ரிவிட் அடித்த வாளில் சுத்தியலை எடுக்க அவசரப்பட வேண்டாம். கைக்காப்பில் டாங் நுழையும் துளையில் மெல்லிய கடினமரச் சீவலை ஆப்பாகச் செருகினாலே பல நேரம் போதும். அதற்கும் அடங்காவிட்டால் அலகைத் தோல் சுற்றிய மரக்கட்டைகளுக்கு நடுவே வைஸில் பிடித்து, சிறிய உருண்டைத்தலைச் சுத்தியலால் பொத்தானைச் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டுங்கள். ஓங்கி ஒரே அடி அடித்தால் குமிழ் உடையும்.

கேள்வி: தேங்காய் எண்ணெய் தடவித்தான் வைக்கிறேன். அப்படியும் துரு பிடிக்கிறதே?

பதில்: தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துப் பிசுபிசுக்கும், அதில் உருவாகும் கொழுப்பு அமிலம் இரும்பை அரிக்கும். தையல் மெஷின் எண்ணெய் போன்ற மினரல் எண்ணெய்க்கு மாறுங்கள். முதலில் ஸ்பிரிட்டால் பழைய எண்ணெயையும் கைரேகையையும் துடைத்தெடுங்கள். மேலோட்டமான துரு, எண்ணெயில் நனைத்த மெல்லிய ஸ்டீல் ஊலுக்கு விட்டுப்போகும். ஆழமானால் 600, பிறகு 1000 எண் வாட்டர் பேப்பர். எப்போதும் அலகின் நீளவாக்கிலேயே தேயுங்கள். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் அந்தக் கீறல்கள் வெளிச்சத்தில் அசிங்கமாகத் தெரியும். எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருந்தால் போதும்.

துருவுக்கு இன்னொரு முக்கியக் காரணம், வாளை உறைக்குள்ளேயே வைத்திருப்பது. மரமும் தோலும் ஈரத்தை உறிஞ்சி அலகோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. காட்சி முடிந்ததும் வாளை உருவி, தனியாக, சிலிகா ஜெல் பைகளோடு வையுங்கள். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் மாதம் ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: கூர் மழுங்கிய வாளை வைத்து இருவர் மோதிப் பழகலாமா?

பதில்: ஒத்திகை செய்த அசைவுகளுக்கு மட்டும். விளிம்பு குறைந்தது 2 மி.மீ. தடிமனும், முனை ஒரு நாணயத்தின் வட்ட விளிம்பைப்போல் உருண்டையாகவும் இருக்க வேண்டும். நீங்களே மழுக்குவதாக இருந்தால் கிரைண்டரில் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் நனையுங்கள். எஃகு நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் காய்ச்சித் தோய்த்த பதம் போய்விட்டது என்று பொருள்.

ஆனால் குத்து வேண்டவே வேண்டாம். கிளாடியஸ் வளைந்து கொடுக்காது. மழுங்கிய முனையானாலும் முழு விசையும் ஒரே புள்ளியில் இறங்கும். குத்திப் பழக மரவாளோ பிரம்பு வாளோதான் சரி. ரோமானியர்களும் அப்படித்தான் பழகினார்கள். புதிய வீரர்கள் நிஜ ஆயுதத்தைவிட இருமடங்கு எடையுள்ள மரவாளும் பின்னல் கேடயமும் ஏந்தி, தரையில் நட்ட கம்பத்தைக் குத்திப் பழகியதாக ரோமானியப் போர்க்கலை நூலாசிரியர் வெஜிடியஸ் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் எஃகு விளிம்பில் விரலைக் கவனமாக ஓட்டிப் பாருங்கள். பிசிறு தட்டுப்பட்டால் அரத்தால் எடுத்துவிடுங்கள், அது கையைக் கிழித்துவிடும்.

கேள்வி: வாளை எந்தப் பக்கம் தொங்கவிடுவது?

பதில்: முதல் நூற்றாண்டு சாதாரண வீரனுக்கு வலப்பக்கம், படைப்பிரிவுத் தலைவரான செஞ்சூரியனுக்கு இடப்பக்கம். முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ், காலாட்படையினர் வாளை இடப்பக்கம் அணிந்ததாக எழுதுகிறார், ஆனால் சிற்பங்கள் பெரும்பாலும் வலப்பக்கத்தையே காட்டுகின்றன. இடக்கையில் பெரிய கேடயம் இருக்கும்போது வலப்பக்கத்திலிருந்து உருவுவதுதான் வசதி. உள்ளங்கை வெளிப்பார்க்க, கட்டைவிரல் கீழ்நோக்கிப் பிடித்து, நேர்மேலே தூக்கி, பிறகு முன்னால் திருப்புங்கள். கைமுட்டி பக்கத்தில் நிற்பவர்மேல் இடிக்காது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் நீண்ட ஸ்பாத்தா காலாட்படைக்கும் வந்தபோது, வாள் இடப்பக்கம் தோள்வாரில் தொங்கியது.

கேள்வி: டமாஸ்கஸ் வரி ஓடும் கிளாடியஸ் சரித்திரப்படி சரியா?

பதில்: முதல் நூற்றாண்டு வேடத்துக்குச் சரியில்லை. இரும்புப் பட்டைகளை முறுக்கி அடித்த வரிகள் இரண்டு, மூன்றாம் நூற்றாண்டு ஸ்பாத்தாக்களில் வருகின்றன. டென்மார்க்கின் சதுப்பு நிலங்களில் அப்படிப்பட்ட ரோமானிய அலகுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் வரி அலகின் நடுவில் ஓடும். அலகு முழுக்க நெளிநெளியாக வருவது இன்றைய பாணி.

கேள்வி: இந்தியாவில் வாங்க லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகளில், வாளும், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள இதுபோன்ற அலகுகளும் ஆயுதப் பட்டியலில் உள்ளன. எந்த கிளாடியஸும் 9 அங்குலத்தைத் தாண்டும். அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் வைத்திருப்பதற்கே லைசென்ஸ் வேண்டும். எனவே ஆர்டர் கொடுக்கும் முன் உங்கள் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள். பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு: 50 செ.மீ.க்கு மேற்பட்ட வளைந்த வாள்களுக்குத்தான் 2008-ல் விற்பனைத் தடை வந்தது, நேரான கிளாடியஸ் அதில் சேராது. ஆனால் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் எடுத்துச் செல்வது குற்றம். நிகழ்ச்சிக்குப் போகும்போது பூட்டிய பெட்டியில், அழைப்புக் கடிதத்தோடு கொண்டு செல்லுங்கள்.