நியூயார்க்கின் கலுஸ்தியான்ஸ் மளிகைக்கடையைத் தொடங்கியது இந்தியரா?

இல்லை, ஆர்மீனியர். பெயரின் முடிவில் வரும் 'யான்' ஆர்மீனியக் குடும்பப் பெயர்களின் அடையாளம். துருக்கியிலிருந்து குடியேறிய கெரோப் கலுஸ்தியான் 1944-இல் மன்ஹாட்டனின் லெக்சிங்டன் அவென்யூவில் இந்தக் கடையைத் திறந்தார். அப்போது அந்த வட்டாரம் ஆர்மீனியர்கள் வாழ்ந்த இடம். 27-ஆம் தெருவில் அவர்களுடைய தேவாலயம் இன்றும் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவர்களுக்கு முதலில் ஏங்குவது நாக்குதானே! உடைத்த கோதுமை, பிஸ்தா, ஆலிவ் என்று அவர்கள் சமையலுக்கு வேண்டியது கிடைத்தது.

அப்புறம் 1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியது. இந்தியர்கள் பெருமளவில் வந்தார்கள். சீரகம், மஞ்சள், ஏலக்காய் எல்லாம் ஏற்கெனவே இருந்த கடையைத் தேடி அவர்களும் வந்தார்கள். சுற்றிலும் இந்திய உணவகங்கள் பெருகி, அந்தப் பகுதிக்கே 'கறி ஹில்' என்று பெயர் வந்துவிட்டது. ஒரு மளிகைக்கடை ஒரு தெருவின் முகத்தையே மாற்ற உதவியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

பின்னாளில் கடை வங்கதேசத்தவர் கைக்குப் போனது. அவர்களும் பழைய பெயரை மாற்றவில்லை. மாடியில் விற்கும் முஜத்தராவும், அதாவது பருப்போடு பொன்னிறமாக வதக்கிய வெங்காயம் சேர்த்த உணவும், பேர்போனது.