ஷாட்கன் மைக் வாங்கறதுக்கு முன்னாடி: கேள்வி-பதில்

கும்பகோணம் வாசகர்: குறும்படம் எடுக்கிறோம். கேமரா மேல மாட்டுற ஷாட்கன் மைக் வாங்கினோம். வீட்டு ஹால்ல பேசினா கிணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி கேக்குது. இன்னும் விலை கூடினது வாங்கலாமா?

வாங்காதீங்க. ஷாட்கன்னா தூரத்துல பேசறத ஜூம் பண்ணி இழுத்துட்டு வரும்னு நெறைய பேர் நம்பிட்டு இருக்காங்க, கடையிலயும் அப்படித்தான் சொல்லி விக்கிறாங்க, அப்படி ஒரு மைக்கே கிடையாது. ஷாட்கன் மைக் ஒரு நீளக் குழாய், அதோட பக்கத்துல வரிசையா ஓட்டை இருக்குல்ல, சைடுலேர்ந்து வர சத்தம் அந்த ஓட்டைங்க வழியா முன்னப்பின்ன நேரத்துல உள்ள போய் ஒண்ண ஒண்ணு அழிச்சுக்கும், நேரா வர குரல் மட்டும் முழுசா போகும், அவ்ளோதான் அதோட வேலை. அதுவும் கீச்சுன்னு இருக்கற சத்தத்துக்குத்தான் நல்லா எடுபடும், பக்கத்து வயல்ல ஓடுற டீசல் எஞ்சின் தடதடப்பு உள்ள வந்தே தீரும். ஹால்ல டைல்ஸ், சிமெண்ட் சுவர், எல்லாத்துலயும் பட்டு குரல் திரும்பி வருது, அத இந்தக் குழாய் அரைகுறையா அழிக்கறதாலதான் அந்தக் கிணத்துக் குரல்.

மைக்க கேமராலேர்ந்து கழட்டி ஒரு பூம் ராடுல, அதாவது நீளக் கம்புல, கட்டுங்க. பேசறவர் தலைக்கு மேல, ஃப்ரேமுக்கு கொஞ்சம் வெளிய, ரெண்டு ரெண்டரை அடில வாயப் பாத்துப் பிடிங்க. தூரம் டபுள் ஆனா குரல் 6 டெசிபல் இறங்கிடும், ரூம் எதிரொலி மட்டும் அப்படியே நிக்கும். தரையில ஜமுக்காளம் விரிங்க, சுவர் பக்கம் கம்பளிய தொங்கவிடுங்க. இதெல்லாம் செஞ்சும் திருப்தி இல்லன்னா, உள்ள எடுக்கறதுக்கு அந்தக் குழாய் இல்லாத, முன்னாடி வர சத்தத்த அதிகமா எடுக்கற ஹைப்பர்கார்டியாய்ட் மைக் வாங்குங்க, ஷாட்கன் வெளிப்புறத்துக்கு இருக்கட்டும்.

மன்னார்குடி வாசகர்: கல்யாண மண்டபத்துல பேட்டி எடுக்க சென்ஹைசர் 416 ஷாட்கன் மைக் வாங்கலாமா?

வேணாம். தவிலுக்கு நடுவுல கையில பிடிக்கிற மைக்தான் சரி.

பாபநாசம் வாசகர்: செகண்ட்ஸ்ல ஒரு மைக் சல்லிசா கிடைச்சுது. கேமராவுல சொருகினா சத்தமே வரல. டூப்ளிகேட்டா?

மாடல் பேரக்கூட எழுதாம கேட்டா நான் என்ன சொல்றது? 48 வோல்ட் ஃபாண்டம் பவர், அதாவது கேபிள் வழியாவே மைக்குக்கு வர கரண்ட், கேக்கற மைக்கா இருந்தா சாதா கேமராவோட 3.5 எம்எம் ஓட்டையிலேர்ந்து அந்த கரண்ட் வராது, ஆடியோ ரெக்கார்டர் நடுவுல வேணும். சென்ஹைசர் எம்கேஇ 600, ரோடு என்டிஜி2 மாதிரி மைக் எல்லாம் ஒரு ஏஏ பேட்டரி போட்டாலே ஓடும், 416 ஓடாது. கேபிள் நுனியில சொருகற பின் எப்படி இருக்குன்னும் பாருங்க, கேமராவுக்கு ரெண்டு கருப்பு வளையம், போனுக்கு மூணு. காசு குடுக்கறதுக்கு முன்னாடி, விக்கிறவர் எதிர்லயே ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பாத்துட்டுத்தான் செகண்ட்ஸ் வாங்கணும், விலை சல்லிசுங்கறது ஒரு காரணமே இல்ல.

திருவாரூர் வாசகி: சமையல் வீடியோ போட்டுத்தான் பொழப்பு ஓடுது. கடையில 9,000 ரூபாய்க்கு மைக் வாங்கினேன், பத்தே நாள்ல ஒரே இரைச்சல். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு பில்லுலயே இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

விட்டுடாதீங்கம்மா. அந்த வரிக்கு ஒரு மதிப்பும் இல்ல. குறையுள்ள பொருள திரும்ப வாங்கிட்டு பணம் தர மறுக்கறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம், பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாள் கணக்கு. பில் தராம இருக்கறதும் அதே குத்தம்தான். எனக்கும் ஒரு கடையில வித்த மைக் ஐப்பசி மழை ஆரம்பிச்ச உடனே பொரிய ஆரம்பிச்சுது, ஈரத்துல வெச்சிருப்பீங்க உங்க தப்புன்னாங்க, காவிரிக் கரையில ஐப்பசி கார்த்திகையில ஈரம் இல்லாத இடம் எங்க இருக்கு? பில் இல்லாம துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்ததால என் காசு போச்சு. அந்த வாசகத்த எந்தக் கடையில பாத்தாலும் இன்னிக்கும் ஆத்திரம் வருது, அத அச்சடிச்சு வெச்சே எத்தன பேர் வாய அடைச்சிருப்பாங்க!

உங்க கையில பில் இருக்கு, அது போதும். இரைச்சல ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கங்க, கடைக்கு எழுத்துல அனுப்பி நகல் வெச்சுக்கங்க, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் குடுங்க. அப்பவும் அசையலன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை எந்த ஊர்ல இருந்தாலும் நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, வக்கீல் கட்டாயம் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். தொழிலுக்கு வாங்கினதுன்னு கடைக்காரர் சொல்லுவார், சொந்த உழைப்புல பொழைக்கறதுக்காக வாங்கினவங்களும் சட்டப்படி நுகர்வோர்தான்.

வேதாரண்யம் வாசகர்: ஸ்பாஞ்ச் கவர் போட்டும் கடற்கரையில காத்துச் சத்தம்தான் பதிவாகுது.

ஸ்பாஞ்சு ஃபேன் காத்துக்குத்தான் தாங்கும். முடி வெச்ச கவர் வாங்குங்க, மைக்ல லோ கட் சுவிட்ச் (அடித்தொனி இரைச்சல வெட்டற சுவிட்ச்) இருந்தா போட்டுக்கங்க. கடைக்குப் போறப்ப மைக்கோட நீளத்த அளந்து எழுதிட்டுப் போங்க, மைக்கோட ஓட்டை ஒண்ணு கவருக்கு வெளிய தெரிஞ்சாலும் காத்து உள்ள பூந்துடும்.