லண்டன் என்றால் எந்த லண்டன்?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். உங்களை நினைத்தல்ல, இருபத்தாறு வருடங்களுக்கு முன் வந்திறங்கிய என்னை நினைத்து. வேலைக் கடிதத்தில் அலுவலகம் 'தி சிட்டி'யில் என்றிருக்கிறது, பார்த்து வைத்த அறையின் முகவரியோ 'இல்ஃபோர்ட், எசெக்ஸ்' என்று முடிகிறது, இதில் எது லண்டன், அந்தப் பெயருக்கு என்னதான் பொருள் என்று கேட்கிறீர்கள். இரண்டுமே லண்டன்தான்.

நம் ஊரில் லண்டன் என்றால் ஒரு நாடு. லண்டனுக்கு வெளியே தொலைவில் உள்ள கொவென்றி நகரில் கடை வைத்திருப்பவரும் யாழ்ப்பாணத்தில் 'லண்டன்காரர்'தான். இங்கே வந்தபின் அதே சொல் ஆளுக்கு ஆள் சுருங்கும், விரியும்.

மிகச் சிறியது சிட்டி. முன்னால் ஒரு 'தி', எழுத்தில் பெரிய 'சி'. அவை இரண்டும் இருந்தால் பொதுவான நகரம் என்று பொருள்கொள்ளக் கூடாது. முதலாம் நூற்றாண்டில் ரோமர்கள் லொண்டினியம் என்று அமைத்த இடம் அதுதான். பரப்பு வெறும் 2.9 சதுர கிலோமீட்டர், அதாவது ஒரு சதுர மைலுக்குச் சற்றே அதிகம். 'சதுர மைல்' என்ற பட்டப்பெயர் அதனால் வந்தது. 2021 கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் ஏறக்குறைய 8,600 பேர், ஆனால் பகலில் வேலைக்கு வருகிறவர்கள் இலட்சக்கணக்கில். அதற்கென்று தனிப் பொலிஸ், எல்லைகளில் டிராகன் சிலைகள், ஆண்டுதோறும் மாறும் லார்ட் மேயர். 2000 முதல் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் லண்டன் மேயர் வேறு ஆள். நான் பல காலம் இருவரையும் ஒருவரென்றே நம்பியிருந்தேன். செய்தியில் 'சிட்டி கலங்கியது' என்றால் வங்கிகளும் பங்குச் சந்தையும் கலங்கின என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரியது கிரேட்டர் லண்டன். 'பரோ' எனப்படும் 32 உள்ளாட்சிப் பிரிவுகளையும் சிட்டியையும் சேர்த்து 1965இல் உருவாக்கினார்கள். இல்ஃபோர்ட் அப்போதுதான் பக்கத்து மாவட்டமான எசெக்ஸிலிருந்து இந்தப் பக்கம் வந்தது. ஆனால் அஞ்சல் முகவரியில் எசெக்ஸ் ஒட்டிக்கொண்டே இருந்தது. 1996 முதல் மாவட்டப் பெயர் எழுத வேண்டிய கட்டாயமே இல்லை, பழக்கம்தான் விடவில்லை. ஆகவே அறையைத் தயங்காமல் எடுங்கள். இதற்கு நேர்மாறு விமான நிலையங்கள்: 'லண்டன் ஸ்டான்ஸ்டெட்' உண்மையிலேயே எசெக்ஸில் இருக்கிறது, 'லண்டன் லூட்டன்' பெட்ஃபோர்ட்ஷயரில். மலிவு டிக்கெட் எடுக்கும்போது பெயரை நம்பி நள்ளிரவில் போய் இறங்காதீர்கள்.

நடுவில் 'டவுன்' என்று ஒன்று இருக்கிறது. நான் தென் லண்டனில் உள்ள குரொய்டனில் இருந்த காலத்தில், உடன் வேலை செய்த ஆங்கிலேயர் ஒருவர் சனிக்கிழமை டவுனில் சந்திப்போம் என்றார். யாழ்ப்பாணத்தில் டவுன் என்றால் பஸ் நிலையத்தடி. அந்தக் கணக்கில் நான் குரொய்டன் கடைத்தெருவில் ஒன்றரை மணி நேரம் குளிரில் நின்றேன். அவர் லெஸ்டர் சதுக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். லண்டன்வாசி வாயில் டவுன் என்பது பெரும்பாலும் கடைகளும் நாடக அரங்குகளும் நிறைந்த நடு லண்டனின் வெஸ்ட் எண்ட் பக்கம்.

பெயரின் பொருளுக்கு அறிஞர்களிடையே முடிவான விடை கிடையாது. லுட் என்ற அரசன் பெயரால் வந்தது என்று வழிகாட்டிகள் சொல்வார்கள்; அது 12ஆம் நூற்றாண்டுக் கதை, ரசித்துவிட்டு விட்டுவிடுங்கள். உச்சரிப்பில் மட்டும் நாம் அதிர்ஷ்டசாலிகள். எழுத்தில் 'ஓ' இருந்தாலும் அவர்கள் 'லொண்டொன்' என்று சொல்வதில்லை. பழைய ஆங்கிலத்தில் அது 'லுண்டென்'. நம் 'லண்டன்' எழுத்தைப் பார்க்காமல் காதால் கேட்டு வந்த சொல் போல இருக்கிறது. இரண்டாம் அசையை மட்டும் விழுங்கிச் சொல்லிப் பழகுங்கள்.

கடைசியாக, கடிதத்தை எடுத்து அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள். இசி2, இசி3, இசி4 என்று தொடங்கினால் பெரும்பாலும் அசல் சிட்டி. இல்ஃபோர்டில் எலிசபெத் லைன் ரயில் ஏறினால் சிட்டியில் உள்ள லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு இருபது நிமிடம் அளவில்தான். இ14 என்றால் அநேகமாக அது கேனரி வார்ஃப், கிழக்கே வங்கிகள் நிறைந்த இன்னொரு இடம். வங்கிக்காரர் சிலர் அதையும் பேச்சுவாக்கில் சிட்டி என்பார்கள். அப்படியானால் வைட்சாப்பலில் இறங்கி வண்டி மாற வேண்டும்.