பாம்பன் கரையில் கிடைத்த தேன்கூட்டுக் கல்

வணக்கம் அண்ணா. பாம்பன் கரையில் மகள் எடுத்த கல் 54 கோடி ஆண்டு பழைய கேம்பிரியக் காலத்து உயிரின் எச்சமா, பள்ளிக் கண்காட்சியில் வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். படத்தில் இருப்பது பவளக்கல்தான். அங்கே கரையேறி நிற்கும் பவளப்பாறைக்கே சில ஆயிரம் ஆண்டு வயதுதான். இந்த வகைப் பவளங்கள் தோன்றியதே ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். கேம்பிரியக் கடலில் திட்டுக் கட்டியவை ஆர்க்கியோசயத் என்ற கடற்பஞ்சுகள். அவை அப்போதே அழிந்துபோயின. ஆனால் விலங்குகளின் கதை அதற்கும் முந்தியது. சுமார் 56 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஓடோ எலும்போ இல்லாத டிக்கின்சோனியா என்ற விலங்கு கடல்தரையில் மெத்தை போலக் கிடந்தது. மகளிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள், கண்காட்சிக்கு அருமையான தலைப்பு இந்தக் கதைதான். அப்புறம், பவளம் எடுப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். படம் மட்டும் வைத்துக்கொண்டு, கல்லை எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.