பஃபலோவுக்குப் போகும் மகளுக்கு ஜெர்கினை எங்கே வாங்குவது?

கேள்வி: என் மகள் மேற்படிப்புக்காக ஜனவரி முதல் வாரத்தில் அமெரிக்காவின் பஃபலோ நகரத்துக்குப் போகிறாள். அங்கே பனிப்புயல் கடுமையாக இருக்கும் என்கிறார்கள். வண்ணாரப்பேட்டையில் ஒரு கடையில் கனமான ஜெர்கின் ஒன்றைக் காட்டி, 'மைனஸ் 30 டிகிரி வரை தாங்கும், 8,500 ரூபாய்' என்றார்கள். கையுறை, மங்கி குல்லா, ஷூ, ரூம் ஹீட்டர் என்று இன்னும் 10,000 ரூபாய்க்குப் பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிவிடலாமா? (பாளையங்கோட்டை வாசகி)

பதில்: வேண்டாம், அம்மா. உடம்பை ஒட்டிப் போடுபவற்றை இங்கே வாங்குங்கள். பனியையும் காற்றையும் நேரே தாங்க வேண்டிய மேலங்கியையும் காலணியையும் மகள் அங்கே போய், போட்டுப் பார்த்து வாங்கட்டும். ரூம் ஹீட்டரை இங்கிருந்து கொண்டு போகவே கூடாது.

மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகவே இறங்கும் நம் ஊரில், 'மைனஸ் 30 தாங்கும்' என்ற பேச்சைச் சோதித்துப் பார்க்கக் கடைக்காரருக்கும் வழியில்லை, நமக்கும் வழியில்லை. மேலும், குளிர் டிகிரிக் கணக்கோடு நிற்பதில்லை. மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 28 டிகிரியைப் போல உறைக்கும். அரை மணி நேரத்தில் விரல் நுனியும் காது மடலும் உறைந்துபோகக்கூடும். மணிக்கு 56 கிலோமீட்டருக்குக் குறையாத காற்றோடு, 400 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாத நிலை மூன்று மணி நேரமாவது நீடித்தால்தான் அமெரிக்க வானிலைத் துறை அதைப் பனிப்புயல் என்று சொல்லும். ஆகவே ஜெர்கினின் கனத்துக்குப் பணம் கொடுக்காமல், காற்று புகுமா, ஈரம் இறங்குமா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும்.

இதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஜெர்கினின் ஓர் அடுக்குத் துணியை வாயோடு வைத்து ஊதுங்கள். மறுபக்கம் வைத்த கையில் மூச்சு பட்டால், அந்தத் துணி காற்றைத் தடுக்காது. கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓட வேண்டும். போன வாரம் டவுனில் இதே விலையில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஜிப்புக்குப் பின்னால் தடுப்புத் துணி இல்லை, மணிக்கட்டில் எலாஸ்டிக் இல்லை, உள்ளே திணித்த பஞ்சு தோளிலிருந்து நழுவி இடுப்புப் பக்கம் கட்டியாகச் சேர்ந்திருந்தது. பஃபலோவின் காற்றுக்கு அது உதவாது.

விமான நிலையத்திலிருந்து அறைக்குப் போய்ச் சேர ஏதாவது வேண்டும் அல்லவா? அதற்குத் தலைமூடி வைத்த, காற்றுப் புகாத சாதாரண ஜெர்கின் ஒன்று போதும். உள்ளே இரண்டு அடுக்கு போட இடம் இருக்கும்படி ஓர் அளவு பெரிதாக எடுங்கள். உள்ளே போடும் தெர்மல் ஆடை நான்கு ஜோடி, கம்பளிக் காலுறை ஐந்தாறு ஜோடி, இரண்டு ஸ்வெட்டர் ஆகியவற்றை இங்கே தாராளமாக வாங்கலாம். வாங்கும்போது உள்தையலில் இருக்கும் துணிச்சீட்டைப் படியுங்கள். நம் வெயிலுக்கு அருமையான பருத்தி, அந்தக் குளிரில் ஆகாது; வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடம்புச் சூட்டை இழுத்துவிடும். கம்பளியோ பாலியெஸ்டரோ கலந்ததுதான் வேண்டும்.

ஷூவைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். ஆழமான வரிகள் ஓடிய ரப்பர் அடிப்பாகம் இல்லாமல் உறைந்த நடைபாதையில் கால் ஊன்ற முடியாது. தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்துத்தான் அளவு எடுக்க வேண்டும். அங்கே குளிர்கால உடைகளுக்குத் தள்ளுபடி விற்பனை ஜனவரியிலேயே தொடங்கிவிடும். ஒருவர் பயன்படுத்திக் கொடுத்த நல்ல மேலங்கிகளைக் குறைந்த விலைக்கு விற்கும் கடைகளும் உண்டு. 8,500 ரூபாயை அப்படியே மகள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

ஹீட்டர் விஷயத்தில் கடைக்காரர் செய்தது சரியில்லை. நம் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 120 வோல்ட். இங்கே 2,000 வாட் சூடு தரும் ஹீட்டர் அங்கே அதில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் தரும்.

பஃபலோ, ஈரி என்னும் பேரேரியின் கிழக்கு முனையில் இருக்கிறது. உறையாத ஏரி நீரின் ஈரத்தைக் குளிர்காற்று அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டுவதால், ஆண்டுக்குச் சராசரியாக எட்டு அடி அளவுக்குப் பனி விழும். 2022 கிறிஸ்துமஸ் நாட்களில் அடித்த பனிப்புயலில் அந்த வட்டாரத்தில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். சிலர் காருக்குள் மாட்டிக்கொண்டவர்கள், சிலர் தெருவில் விழுந்தவர்கள், சிலர் சூடு நின்றுபோன வீட்டுக்குள் இருந்தவர்கள். ஆம்புலன்ஸ்கூட நகர முடியாத நேரம் அது. விலை உயர்ந்த மேலங்கி இருக்கிறது என்ற தைரியத்தில் மகள் அந்த நேரத்தில் வெளியே இறங்கிவிடக் கூடாது. வண்டி பனியில் மாட்டினால் புகைக்குழாயை அடைத்த பனியை விலக்காமல் என்ஜினை ஓடவிடக் கூடாது. மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்துவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு நின்றவர்கள் சுமார் 800 பேர். வெள்ளம் சூழ்ந்த தெருக்களில் கரண்ட் இல்லை, பால் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. அந்த நாட்களில் எதற்கெல்லாம் தவித்தோமோ, அவற்றைத்தான் மகளும் அறையில் சேர்த்து வைக்க வேண்டும்: அடுப்பு பற்ற வைக்காமல் தின்னக்கூடிய அவல், பொரிகடலை, பருப்புப் பொடி, மூன்று நாளுக்குத் தண்ணீர், வழக்கமான மாத்திரைகள், டார்ச், பவர் பேங்க். பவர் பேங்கைக் கைப்பையில்தான் கொண்டு போக வேண்டும்; பெட்டியில் போட்டு ஏற்ற அனுமதி இல்லை. உணவுப் பொருள் எதுவானாலும் இறங்கும் இடத்தில் சுங்க அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: பனிப்புயலால் நியூயார்க்கிலிருந்து கிளம்ப வேண்டிய என் தம்பியின் விமானத்தையே நிறுவனம் ரத்து செய்துவிட்டது. 'இயற்கைச் சீற்றம், பணம் திரும்ப வராது' என்கிறார் டிக்கெட் போட்ட ஏஜென்ட். சரிதானா? (வள்ளியூர் வாசகர்)

பதில்: சரியில்லை. அமெரிக்க விதிப்படி, காரணம் வானிலையே ஆனாலும், விமானத்தை நிறுவனமே ரத்து செய்து, மாற்று விமானத்தைப் பயணி ஏற்காவிட்டால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 'ரீஃபண்ட் இல்லாத டிக்கெட்' என்பதும் இதற்குத் தடையில்லை. வானிலைக்காக நஷ்ட ஈடும் ஓட்டல் செலவும் கேட்டுப் பெற உரிமை இல்லை என்பது மட்டும் உண்மை. ரத்து செய்த செய்தியைப் பத்திரப்படுத்தி, ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேளுங்கள். மாற்று விமானத்துக்குத் தம்பி சம்மதம் சொல்லிவிட்டால் இந்த உரிமை போய்விடும். அதற்கு முன்பே முடிவெடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மணாலி சுற்றுலாவுக்காக வாங்கிய ஜெர்கினின் ஜிப் முதல் நாளே பிய்ந்துவிட்டது. 'விற்ற பொருள் வாபஸ் இல்லை' என்று பில்லில் அச்சடித்திருக்கிறது என்கிறார்கள். (தென்காசி வாசகர்)

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வாசகம் செல்லாது. பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால், 30 நாட்களுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகமாகும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதுவரை ஜிப்பைத் தையல்காரரிடம் கொடுத்துச் சரி செய்துவிடாதீர்கள். பிய்ந்தபடியே படம் எடுத்து, பில்லோடு வையுங்கள்.